மச்சான் கொடுத்த காலண்டரும் மாமல்லபுரம் போகாத கதையும்

அயனம்பாக்கம்,
11.2.1992

மரியாதைக்குரிய மச்சான் ராஜசேகரன் அவர்களுக்கு, தங்கை வீட்டுக்காரர் ஜம்புலிங்கம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், ஏரி, எதிர்வீட்டு ஆடு எல்லோரும் நலம். அங்கே வேப்பம்பட்டில் தாங்களும், ராணி அக்காவும், பிள்ளைகளும், போன வெள்ளிக்கிழமை முதல் தங்கள் வீட்டில் இருக்கும் என் மனைவி வனஜாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அவள் தரப்பு நியாயத்தை இதற்குள் பலமுறை கேட்டிருப்பீர்கள். இன்னொரு நியாயம் இங்கே சரியான சாப்பாடு இல்லாமல் உட்கார்ந்திருக்கிறது. அதையும் கேட்டுவிட்டு, தங்கையைத் தாங்களே கூட்டிவந்து விடுவதுதான் முறை என்று தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

கோபிக்க வேண்டாம், முதல் குற்றவாளி தாங்கள்தான். பொங்கலுக்கு வந்தபோது, ஆபீசர் கொடுத்தது என்று ஒரு வெளிநாட்டுக் காலண்டரைக் கொண்டுவந்து சாமி படத்து ஆணியில் மாட்டினீர்களே, அதில் ஒரு வெள்ளைக்காரப் புருஷனும் பெண்டாட்டியும் முதுகில் மூட்டையோடு கடலோரப் பாறைமேல் நடந்து போகிறார்கள். எந்த மாதத்தைப் புரட்டினாலும் அதே ஜோடிதான், ஒரு தாளில் புல்வெளி, ஒரு தாளில் காடு, ஒரு தாளில் கடல். நான் அதில் கிழமை பார்த்தேன், உங்கள் தங்கை படம் பார்த்தாள். “இன்னாங்க, இதுங்க எந்தக் கோயிலுக்குப் போவுதுங்க?” என்றாள். கோயிலுக்கு இல்லை, வெள்ளைக்காரன் சும்மாவே நடப்பான் என்றேன். “சும்மாவா? ரெண்டு பேருமா? பக்கத்துல பக்கத்துலயா?” என்று கரண்டியோடு நின்றவள் நின்றவள்தான், குழம்பு அடிப்பிடித்தது. அன்றிலிருந்து நாமும் அப்படி ஒருதரம் போகவேண்டும் என்று ஒரே நச்சரிப்பு. கம்பெனியில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டோடு இருப்பவன் நேரமில்லை என்று சொல்ல முடியுமா? டாக்டரும் சர்க்கரைக்கு நட, நட என்கிறார். சரி, திருவேற்காடு, சென்னீர்குப்பம், பூந்தமல்லி, குன்றத்தூர் என்று போய், கோவளத்தில் கடலைப் பிடித்து, அங்கிருந்து மணலிலேயே மாமல்லபுரம் வரை நடப்பது என்று திட்டம் போட்டேன். திட்டம் போடுவதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்பது தங்களுக்கே தெரியும்.

வெள்ளிக்கிழமை காலையில் புறப்பட்டோம். ஏரிக்கரை தாண்டவில்லை, எதிர்வீட்டுப் பொன்னியம்மா பார்த்துவிட்டாள். “இன்னா அண்ணாத்தே, ஊட்ட காலி பண்ணிகினு போறீங்களா?” என்றாள். இல்லை, சும்மா நடக்கப்போகிறோம் என்றால், “அப்டீன்னா யாரோட சண்டை?” என்கிறாள். திருவேற்காட்டில் ஒரு பெரியவர் எங்களைப் பாதயாத்திரைக்காரர்கள் என்று நினைத்துக் காலில் விழவே வந்தார். எந்த ஊரிலிருந்து நடந்து வருகிறீர்கள் என்று கேட்டார், பக்கத்து அயனம்பாக்கம் என்றதும் பாதியில் நிமிர்ந்துவிட்டார். சென்னீர்குப்பத்தில், ஸ்டாப்பிலேயே கை காட்டினால் நிற்காத பஸ், ஸ்டாப்பில்லாத இடத்தில் என் பக்கத்தில் வந்து நிற்கிறது. “ஏறு நைனா, வெயில்ல தனியா இன்னாத்துக்கு நடக்கிற?” என்கிறார் கண்டக்டர். தனியாகவா? பாவம், சின்ன வயசிலேயே அவருக்குக் கண் சரியில்லை என்று நினைத்துக்கொண்டு நடந்தேன்.

நான் சும்மா நடக்கவும் இல்லை மச்சான். வழியெல்லாம் உங்கள் தங்கைக்கு விளக்கம் சொல்லிக்கொண்டேதான் போனேன். இதோ பார், நெல் விளைந்த இடத்தில் எல்லாம் கல் நட்டு பிளாட் போட்டுவிட்டான், இந்த ஏரி நிரம்பினால் அந்த மதகு வழியாகத்தான் தண்ணீர் போகும், எங்கள் போர்மேன் என்னை எப்படி ஏமாற்றப் பார்த்தான் தெரியுமா என்று பூந்தமல்லி தாண்டியும் பேசிக்கொண்டே போனேன். அவள் எதற்கும் பதில் சொல்லவில்லை. வழக்கமாகவே சொல்ல மாட்டாள் என்பதால் எனக்குச் சந்தேகம் வரவில்லை. குன்றத்தூரில் ஒரு ஓட்டலில் உட்கார்ந்து, “ரெண்டு பிளேட்டு பரோட்டா” என்றேன். “கூட ஆள் வராங்களா சார்?” என்று சர்வர் கேட்டதற்கு, திரும்பாமலே பின்னால் கையைக் காட்டினேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, “அதுக்கு எலும்பு போட்டா போதும் சார்” என்றார். அப்போதுதான் திரும்பினேன். ஒரு நாய் நின்றது.

கேட்டு வாங்கியதை வீணாக்கக் கூடாது என்று இரண்டு பிளேட்டையும் நானே சாப்பிட்டேன். வந்த வழியே போய்த் தேடினாயா என்று கேட்பீர்கள். வழி தெரியாத குழந்தையா அவள்? முன்னால் போன ஆம்பிளை பின்னால் திரும்பி ஓடினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? கௌரவமாக பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன். பொன்னியம்மாதான் சாவியை நீட்டினாள். “அது அப்பவே வந்துட்ச்சி. திருவேற்காட்டாண்ட செருப்பு அறுந்து நின்னுகினு உன்னக் கூவிகினே இருந்துச்சாம். நீ பாட்டுக்கு பேசிகினே போய்ட்டியாம். துணி எத்துகினு அண்ணன் ஊட்டுக்குப் போய்ட்ச்சி. இனிமே பக்கத்துல நடக்கிறதா இருந்தாத்தான் வருமாம், சொல்லச் சொல்லிச்சி.”

இது நியாயமா மச்சான்? எங்கள் அப்பா முன்னால் நடந்தார், அம்மா பின்னால் நடந்தாள். பாம்பு கிடந்தால் முதலில் யாரைக் கடிக்கும்? முன்னால் போகிறவனைத்தானே? தாங்களே நின்று பார்த்த கல்யாணத்தில் அக்கினியைச் சுற்றும்போதுகூட நான் முன்னால், அவள் என் விரலைப் பிடித்துக்கொண்டு பின்னால். அன்றைக்கு ஐயர் உட்பட ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை. இப்போது திடீரென்று பக்கத்தில் நட என்றால், அயனம்பாக்கத்துத் தெரு அதற்கு அகலம் போதுமா? அதனால் நான் இறங்கி வருவதாக இல்லை. ஆனால் மச்சான், ஊடு வெறிச்சோன்னு கீது. பேசினா சுவரு திருப்பிப் பேசுது. ரேடியோவத் திருப்பிவச்சிகினு அதுங்கிட்டயே போர்மேன் கதையச் சொல்லிகினு கீறேன். எழுத்து வழக்கு மாறிவிட்டது, மன்னிக்கவும்.

ராணி அக்காவுக்கு என் வணக்கத்தையும், பிள்ளைகளுக்கு என் ஆசிகளையும் தெரிவிக்கவும். நீங்கள் எல்லோரும் சகல சௌபாக்கியங்களோடும், வீட்டில் வெளிநாட்டுக் காலண்டர் எதுவும் இல்லாமலும் நீடூழி வாழ்க. தங்கையை உடனே அனுப்பிவைக்கவும்.

இப்படிக்கு,
தன் பக்கம் தவறேதும் இல்லாத,
த. ஜம்புலிங்கம்

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை ஒட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நேற்று தபால் பெட்டிக்குக் கிளம்பினேன். வாசலில் உங்கள் தங்கை நிற்கிறாள். என்னைப் பார்க்க வரவில்லையாம், காலண்டரை எடுத்துப்போக வந்தாளாம். எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். அடுப்பங்கரையைப் பார்த்துவிட்டு, பாத்திரங்களைக் கழுவி, சோறு வடித்தாள். பிறகு, “பக்கத்துல நடக்கத்தானே வெக்கம்? நான் முன்னாடி போறேன், நீங்க பின்னாடி வாங்க” என்றாள். அதற்கு ஐயர் எதுவும் சொல்லவில்லையே என்று ஒத்துக்கொண்டேன். புதுச் செருப்போடு இன்று காலை மறுபடி புறப்பட்டோம். முன்னால் போகிறவர்களுக்குப் பேச்சு தானாக வரும் போலிருக்கிறது மச்சான். ராணி அக்கா சாம்பாரில் ஏன் வெல்லம் போடுகிறாள் என்பது முதல் ஒன்று விடாமல் பேசிக்கொண்டே போனாள். எனக்குக் கால் வலித்தது, சென்னீர்குப்பம் டீக்கடையில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு முறை கூப்பிட்டும் பார்த்தேன், லாரிச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. உறையைப் பிரித்து, கடைக்காரர் பேனாவில்தான் இதை எழுதுகிறேன். போய்க்கொண்டே இருந்தாள், முதுகு சின்னதாகிக்கொண்டே போனது. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் அழுகைகூட வந்தது. “இன்னா பெரிசு, கண்ணு கலங்குது? அந்தம்மா திரும்பிடிச்சி பாரு” என்றார் கடைக்காரர். ஆமாம், ரோடு என்று பார்க்காமல் ஓடி வருகிறாள். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற நினைப்பே இல்லை. தூரத்திலிருந்தே திட்டிக்கொண்டு வருகிறாள், கேட்க நன்றாக இருக்கிறது. மேலே எழுதியதை எல்லாம் கிழித்துப் போட்டுவிடவும், காலண்டர் எங்கள் வீட்டு ஆணியிலேயே இருக்கட்டும். வந்துவிட்டாள். திட்டு இன்னும் முடியவில்லை, அதற்கு நடுவிலேயே கடைக்காரரிடம் “ரெண்டு டீ” என்று சொல்லிவிட்டாள். குன்றத்தூரில் தின்ற பரோட்டா எனக்கு இப்போதுதான் தொண்டையில் அடைக்கிறது.