மொட்டை மாடியில் சோலார் மாமா

சென்னையில் வெயில் போதவில்லை என்று குறைப்பட்டுக்கொண்ட ஒரே மனிதர் எங்கள் சோலார் மாமாதான். அந்தப் பெயரை வைத்தவன் நான். அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

மந்தைவெளியில் லிஃப்ட் இல்லாத பழைய குடியிருப்பு எங்களுடையது. அவர் மூன்றாவது மாடி, நான் இரண்டாவது. வங்கியில் முப்பது வருடம் ஏ.சி.க்கு அடியில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். கதவைத் திறந்தால் முதலில் தொப்பை வரும். மாமா நிதானமாகப் பின்னால் வருவார். திடீரென்று ஒரு நாள் கால் வலிக்கிறது, படி இறங்க முடியவில்லை என்றார். ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி மிகவும் குறைவு. தொப்பை உள்ளவர்களுக்கு அது குறைவாக இருப்பது சகஜம், கொழுப்பு அதை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும் என்றாராம் டாக்டர். மாத்திரை எழுதிக்கொடுத்து, எடையைக் குறைக்கவும் கொஞ்சம் வெயிலில் நிற்கவும் சொல்லியிருக்கிறார்.

மாமா மாத்திரையை விழுங்கினார், எடையை மறந்தார், வெயிலைப் பிடித்துக்கொண்டார்.

"தொப்பைதானே எல்லாத்தையும் வாங்கி வெச்சுண்டு எலும்புக்குத் தரமாட்டேங்கறது? நேரா அதுக்கே காட்டிட்டா, அதோட பசி அடங்கி மிச்சம் காலுக்கு எறங்கிடும்" என்று எனக்கு விளக்கினார். மறுத்துப் பேச நினைத்தேன், சிரிப்புத்தான் வந்தது.

கீழே மூன்று மாடி இறங்கத்தான் முடியாது. மேலே ஒரு மாடிதான், கைப்பிடியைப் பிடித்து ஏறிவிடலாம். ஆனால் மொட்டை மாடியில் ஏற்கெனவே முதல் மாடிக் கமலா மாமியின் ஜவ்வரிசி வடாம் காய்ந்துகொண்டிருந்தது. சட்டையில்லாத ஆம்பளைக்குப் பக்கத்தில் வடாமா என்று மாமி சண்டைக்கு வர, மாமா ஓர் உடன்படிக்கை போட்டார். இடம் மாமியுடையது, காக்காய் விரட்டுவது மாமாவுடையது. வடாமுக்குக் காவல் இருந்த கறுப்புக் குடைக்கு ஓய்வு கிடைத்தது. தினமும் பதினொரு மணிக்கு, கையில் ஒட்டடைக் குச்சியோடு மாமா பாயில் மல்லாந்துவிடுவார். ஒரு வடாமைக்கூடக் காக்காய் தொடவில்லை. மாமா தொட்டதை மாமி கண்டுகொள்ளவில்லை.

"ஆனி பொறக்கறதுக்குள்ள குளத்தங்கரை மார்க்கெட்டுக்கு நானே நடந்து போய்க் கத்திரிக்காய் வாங்கிண்டு வரேன், பாரு" என்பார். படி இறங்கிப் பழகவும் ஆரம்பித்திருந்தார். ஒரு நாள் என் வீடு வரை இறங்கி வந்து, போரில் ஜெயித்தவர் போல உட்கார்ந்து காபி குடித்துவிட்டுப் போனார்.

அதற்கு மறுநாள்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். மாடியில் மாமா தூங்கிப்போயிருந்தார். தொப்பை வெயிலில் பளபளத்தது. படமெடுத்து, 'பொரிக்காமலே உப்பிய வடாம்' என்று எழுதி, குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். எல்லோரும் சிரிப்பு முகங்களாக அனுப்பித் தள்ளினார்கள். பெங்களூரில் இருக்கும் மாமாவின் மகனும் அந்தக் குழுவில் இருப்பதை நான் யோசிக்கவில்லை. அன்று மாலையே அவன் அப்பாவுக்குப் போன் செய்து, என் மானம் போகிறது, இனி மாடிக்குப் போகவேண்டாம் என்றானாம்.

மறுநாளிலிருந்து மாமா வரவில்லை. வடாமுக்குப் பக்கத்தில் கறுப்புக் குடை திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது. வீட்டுக்குப் போய்க் கேட்டால், வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று மட்டும் சொன்னார். மன்னிப்புக் கேட்கத்தான் ஒவ்வொரு முறையும் போனேன். தண்ணீர் லாரி பற்றிப் பேசிவிட்டு வந்தேன். படி இறங்கிப் பழகுவதும் நின்றுபோக, இரண்டு மாதத்தில் கால் மோசமாகி, எழுந்து நிற்கவே ஆள் தேவைப்பட்டது. மகன் அழைத்துப்போக வந்தான்.

மாமாவை நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் இறக்கினோம். நாற்காலியின் ஒரு கால் என் கையில். வாசலில் காருக்குக் காத்திருந்தபோது அவர் மேல் வெயில் விழுந்தது. கண்ணை மூடி அண்ணாந்தார். பிறகு என்னைப் பார்த்து, "அந்தப் படத்துல வெயில் நன்னா விழுந்திருந்ததுடா" என்றார்.

அப்போதும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

பெங்களூர் வீட்டில் லிஃப்ட் உண்டாம். வெயில்தான் எப்போதாவது எட்டிப் பார்க்குமாம். போன மாதம் டாக்டர் என் இடுப்பையும் ரிப்போர்ட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மாமாவுக்குச் சொன்ன அதே விஷயத்தை எனக்கும் சொன்னார். இப்போது பதினொரு மணிக்கு நான்தான் மாடியில், கையில் ஒட்டடைக் குச்சியோடு. பாயைச் சுவரோரமாக ஒட்டிப் போடுகிறேன். பக்கத்தில் ஒன்றரை ஆள் இடம் மாமாவுக்கு இருக்கட்டும்.