காற்றுப் பையும் கீழ்பென்னாத்தூர் பீரோவும்

பாரம் தாங்கும் பின்பட்டை வில் தொய்ந்து வண்டி உட்கார்ந்துவிட்டால் எந்த வண்டிக்காரனும் தலையில் கை வைப்பான். நான் மூன்று வருடம் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன்.

காரணம் கீழ்பென்னாத்தூரில் இருந்தது. பெயர் எல்லம்மாள். என் மனைவி உண்ணாமலையைப் பெற்றவர். அங்கே தனியாக இருந்தார். எங்கள் வீட்டுக்கு வந்து இருக்க அவர் தயார். ஆனால் அவருடைய இரும்பு பீரோவும் ஆட்டுக்கல்லும் கூடவே வர வேண்டும். பீரோ இல்லாத வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாது என்று சொல்லிவிட்டார்.

மாமியார் கெட்டவர் இல்லை. கேள்வி கேட்பார், அவ்வளவுதான். எங்க போறீங்க, யாரோட போறீங்க, எப்ப வருவீங்க, நேத்து சொன்ன நேரத்துக்கு ஏன் வரல. கல்யாணமான புதிதில் பத்து நாள் தங்கினார். பத்து நாளில் பதில் சொல்லிச் சொல்லியே எனக்குச் சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது. வாடகைக்கு பிக்கப் ஓட்டுகிறவன் நான். பகல் ஒரு மணிக்கு மேல் செங்கம் ரோட்டில் ஏதாவதொரு புளிய மரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு இரண்டு மூன்று மணி நேரம் தூங்குவேன். என் வாழ்க்கையில் நானே சம்பாதித்துக்கொண்ட ஒரே சுகம் அது. உண்ணாமலைக்கே தெரியாது. மாமியார் வந்தால் மூன்றாம் நாள் ஊருக்கே தெரிந்துவிடும்.

அதனால் உண்ணாமலை பீரோ பேச்சை எடுக்கும்போதெல்லாம் அவளை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய் வண்டியின் பின்பக்கத்தைக் காட்டுவேன்.

"பாரு. காலி வண்டியே எப்படிக் குந்திக்கினு இருக்குது. பீரோவ ஏத்தினா அச்சு ரோட்டுல தேயும்."

"அப்ப வேற வண்டி வச்சு எடுத்துக்கினு வரலாமே."

"சொந்த வண்டி வச்சுக்கினு வாடகை வண்டியா? உங்க ஊர்ல சிரிக்க மாட்டாங்க?"

"அப்ப பட்டைய மாத்துங்க."

"மாத்தணும். கார்த்திகை தீபம் போவட்டும்."

தீபம் போனது. மூன்று தீபம் போனது. பட்டை அப்படியே இருந்தது. நானும் நிம்மதியாக இருந்தேன்.

எழுபத்தெட்டாம் வருடம் புரட்டாசியில் அந்த நிம்மதிக்கு ஆபத்து வந்தது. பந்தல் காண்டிராக்டர் நசீர் அகமது என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"கண்ணாயிரம், இந்த வருஷம் தீபத்துக்கு பத்து நாளும் பந்தல் வேலை நம்மளுது. மூங்கிலும் கீத்தும் டிரெய்லர்ல ஏத்தி இழுக்கணும். உன் வண்டி இழுக்குமா?"

"இழுக்கும் பாய்."

"பின்னாடி தரையில தேயுதே."

"சரி பண்ணிடறேன்."

சொல்லிவிட்டேன். தெருவுக்கு வந்த பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பட்டையை மாற்றினால் வண்டி நிமிரும். வண்டி நிமிர்ந்தால் உண்ணாமலை பார்ப்பாள். உண்ணாமலை பார்த்தால் பீரோ வரும். பட்டையை மாற்றாவிட்டால் பத்து நாள் வேலை வேறொருவன் வண்டிக்குப் போகும். இரண்டு நாள் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

மூன்றாம் நாள் மெக்கானிக் பீர் முகம்மதுவின் பட்டறைக்குப் போனேன். ரமணாசிரமத்துப் பக்கம் ரூம் எடுத்திருந்த ஜெர்மன்காரர் ஒருவர், தன் ஊரிலிருந்து தரை வழியாகவே ஓட்டிக்கொண்டு வந்த வேனை இனி வேண்டாம் என்று பாயிடம் விற்றிருந்தார். பாய் அதைக் கழற்றிப் போட்டிருந்தார். குவியலில் கறுப்பாக, சின்னப் பரங்கிக்காய் அளவில் இரண்டு ரப்பர் உருண்டைகள் கிடந்தன.

"இது இன்னா பாய்?"

"காத்துப் பை. அச்சுக்கும் சேசிஸுக்கும் நடுவுல மாட்டறது. பட்டை அது பாட்டுக்கு இருக்கும். காத்தடிச்சா இது உப்பி வண்டியத் தூக்கிப் புடிக்கும். அந்தாளு ஒரு சின்ன வீட்டையே பின்னாடி கட்டி இழுத்துக்கினு வந்தான்பா."

"காத்த எறக்கினா?"

"எதுக்கு எறக்கணும்?"

"சும்மா கேக்கறேன் பாய்."

"எறக்கினா பழையபடி குந்திக்கும்."

நான் பாயைக் கட்டிப்பிடித்தேன். அவர் கையிலிருந்த கிரீஸ் முழுக்க என் சட்டைக்கு வந்தது.

இரண்டு நாள் வேலை. பாய் இரும்புத் தகடு வெட்டி, துளை போட்டு, பக்கத்துக்கு ஒன்றாகப் பைகளை மாட்டினார். காற்றடிக்கும் வால்வு இரண்டையும் பம்பருக்குப் பின்னால் யார் கண்ணிலும் படாமல் முடுக்கினார். நசீர் பாயின் டிரெய்லரில் மூங்கிலை நிரப்பி அடி அண்ணாமலை வரைக்கும் இழுத்துப் பார்த்தேன். வண்டி மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து நடந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தீபத்துக்கு முன்னாலேயே நசீர் பாய் தினமும் சின்னச் சின்னப் பந்தல் வேலை கொடுத்தார்; அன்றிலிருந்து எனக்கு இரட்டை வாழ்க்கை. காலையில் வீட்டிலிருந்து குந்திய வண்டியை ஓட்டிக்கொண்டு கிளம்புவேன். இரண்டு தெரு தள்ளி மர டிப்போ மறைவில் நிறுத்துவேன். சீட்டுக்கு அடியில் சாக்கில் சுற்றி வைத்த பம்பை எடுத்து, ஒரு பைக்கு நாற்பது அடி அடிப்பேன். மாலையில் அதே இடத்தில் சாவி முனையால் வால்வை அழுத்துவேன். உஸ்ஸென்று வண்டி உட்காரும். என் மூன்று வருட நிம்மதியும் அதோடு சேர்ந்து உட்கார்ந்து இளைப்பாறும்.

"ஏங்க, காலையிலயே இன்னா முதுகெல்லாம் இவ்ளோ வேர்வை?" என்று ஒருநாள் கேட்டாள். மறந்து வைத்த டிபன் பாக்ஸை எடுக்கத் திரும்பி வந்திருந்தேன்.

"வெயிலு."

"வெயிலே வரலியே."

"வரும்."

என்னை ஒருமுறை பார்த்தாள். டிபன் பாக்ஸைக் கொடுத்தாள். 

அப்போதுதான் ஆயுத பூஜை வந்தது.

வண்டியைக் கழுவினேன். உண்ணாமலை சந்தனமும் குங்குமமும் கொண்டுவந்தாள். ஸ்டீரிங், ஹெட்லைட், நாலு சக்கரம், ஜாக்கி, ஸ்பேனர், எல்லாவற்றுக்கும் பொட்டு. எனக்கு மட்டும் மனசு அடித்துக்கொண்டது. சோறு போடப் போகிற சாமான் அடியில் இருக்கிறது. அதற்குப் பொட்டு வைக்காமல் தீப வேலைக்குப் போனால் விளங்குமா? பெண்டாட்டியை ஏமாற்றலாம். ஆயுத பூஜையன்று ஆயுதத்தை எப்படி ஏமாற்றுவது?

அவள் கற்பூரம் எடுக்க உள்ளே போன நேரம் பார்த்துச் சாக்கைப் பிரித்துப் பம்பின் கைப்பிடிக்கு ஒரு பொட்டு வைத்துத் திரும்பச் சுற்றிவிட்டு, வண்டிக்கு அடியில் நுழைந்தேன். இரண்டு பைக்கும் நன்றாகச் சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்தேன். கன்னத்தில் போட்டுக்கொண்டேன். 

"அடியில இன்னா பண்றீங்க?"

"சைலன்சருக்குப் பொட்டு."

"அதுக்கு ஏன் கன்னத்துல போட்டுக்கறீங்க?"

"சாமி காரியம்டி."

அவள் கற்பூரம் காட்டினாள். பிறகு சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். முன் சக்கரம் இரண்டும் சட்டென்று முடிந்தது. பின் சக்கரத்துக்குக் குனிந்தவள் எழுந்திருக்கவில்லை.  பத்து எண்ணினேன். இருபது எண்ணினேன். முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

"வண்டிய எடுங்க" என்றாள்.

எடுத்தேன். நாலு பழமும் நசுங்கின. அவள் கற்பூரத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். தப்பித்தேன் என்று அண்ணாமலையார் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டேன்.

ஒரு வாரம் கழித்து நசீர் பாய் சொன்னார். "கீழ்பென்னாத்தூர்ல ஒரு கல்யாணப் பந்தல் முடிஞ்சுது. டிரெய்லர் அங்கயே நிக்குது. வெள்ளிக்கிழமை இழுத்துக்கினு வந்துடு." எந்தத் தெரு என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. சின்ன ஊர்தானே, தேடிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அன்று மாலையே உண்ணாமலை ஆரம்பித்தாள்.

"வெள்ளிக்கிழமை அம்மாவப் போய்ப் பாத்துட்டு வரணும். வண்டியில கொண்டுபோய் வுடுங்க."

"பீரோ கீரோன்னு பேசக் கூடாது."

"நானும் ஒரு கூடையும்தான். கூடையையாவது தாங்குமில்ல உங்க வண்டி?"

"தாங்கும்."

"வரும்போது நான் பஸ்ஸுல வந்துக்கறேன்."

எனக்கு உள்ளுக்குள் தேர் ஓடியது. இவளை இறக்கிவிட்டு, ஊருக்கு வெளியே காற்றடித்து, டிரெய்லரைக் கட்டிக்கொண்டு சத்தமில்லாமல் வந்துவிடலாம். வெள்ளிக்கிழமை காலை அவளை ஏற்றிக்கொண்டு குந்திய வண்டியை செஞ்சி ரோட்டில் ஓட்டினேன். மடியில் துண்டு மூடிய கூடை. வழியெல்லாம் நிலக்கடலைக் கொல்லையைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.  அவள் பேசாமல் வந்தால் எனக்குப் பயம்.

மாமியார் வீட்டுத் தெருவில் திரும்பினேன். கால் தானாக பிரேக்கில் விழுந்தது.

வாசலில் நசீர் பாயின் டிரெய்லர் நின்றது. அதன்மேல் பீரோ. பக்கத்தில் ஆட்டுக்கல், அண்டா, குண்டான், சுருட்டிய கோரைப்பாய். எல்லாம் கயிறு போட்டுக் கட்டியாகிவிட்டது. தெருவே கூடி நின்றது. மாமியார் புதுப் புடவை கட்டியிருந்தார்.

"வாங்க மாப்ளே. ஏன் இவ்ளோ லேட்டு?"

கேள்வி தொடங்கிவிட்டது. நான் உண்ணாமலையைப் பார்த்தேன். அவள் கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் என் கையில் இன்னும் ஒரு ஆதாரம் இருந்தது. கீழே இறங்கி வண்டியின் பின்பக்கத்தைத் தெருவுக்கே காட்டினேன்.

"அத்தை, எனக்கு மட்டும் ஆசை இல்லையா? பாருங்க. பட்டை உக்காந்துபோச்சு. கொக்கி எவ்ளோ கீழ இருக்குது, டிரெய்லரு எவ்ளோ மேல இருக்குது. மாட்டவே முடியாது."

பேச்சில் துக்கம் சரியான அளவில் வந்தது. கூட்டத்தில் ரெண்டு பேர் ஆமாம் என்று தலையாட்டினார்கள். மாமியாரின் முகம் வாடியது. இன்னும் ஒரு நிமிடம் போயிருந்தால் நான் ஜெயித்திருப்பேன்.

உண்ணாமலை கூடையில் மூடியிருந்த துண்டை எடுத்தாள். உள்ளே என் பம்பு. கைப்பிடியில் நான் வைத்த பொட்டு காய்ந்துபோய் இருந்தது.

"இந்தாங்க, அடிங்க."

"இது... இது ஏது?"

அவள் என் காதருகில் வந்தாள். "எலுமிச்சம்பழம் வைக்கக் குனிஞ்சேன். கறுப்பா ரெண்டு பேரு பொட்டு வச்சுக்கினு என்னையே பாத்தாங்க. பக்கத்துல இருக்கிற பட்டைக்குப் பொட்டே இல்ல. எது வேலை செய்யுதுன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு. மீதிய நசீர் அண்ணன் சொன்னாரு. பம்ப சீட்டுக்கு அடியிலேருந்து எடுத்தேன்."

"உன் பேச்ச கேட்டு டிரெய்லர இங்க வுட்டுட்டாரா?"

"தெரு பாக்குது. அடிங்க."

அடித்தேன். தெரு எண்ணியது. முப்பதில் வண்டி ஒரு பக்கம் எழுந்தது. எண்பதில் நேராக நின்றது. கொக்கி டிரெய்லருக்குச் சரியாக எதிரே வந்தது. மாமியார் வாயில் கை வைத்தார்.

"இன்னாடி இது, வண்டி எழுந்து நிக்குது?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். மூன்று வருடப் பொய் வெளியே வரப்போகிறது. உண்ணாமலையின் குரல் கேட்டது.

"உனக்காகத்தாம்மா மாட்டியிருக்காரு. ஜெர்மன்காரன் வண்டி சாமானு. உன் பீரோவுக்கு ஒரு கீறல் விழக் கூடாதாம். எங்கிட்டகூட சொல்லாம வச்சிருந்தாரு."

மாமியாரின் கண் நிறைந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு என் பக்கம் வந்தார்.

"மாப்ளே, உள்ளத சொல்றேன். ஆரணியில பெரியவ வீடு கட்டிக்கினு இருக்கா. தை பொறந்ததும் அங்க போயிடலாம், அதுவரைக்கும் மூணு மாசம் உங்க வீட்டுல இருக்கலாம்னுதான் இருந்தேன். இப்படி ஒரு மனுசன வுட்டுட்டு நான் ஏன் போறேன்? இனிமே உங்க வீடுதான்."

திரும்பி வரும்போது முன்சீட்டில் மூன்று பேர். மாமியார் ஜன்னலோரம் தூங்கிவிட்டார். நான் மெதுவாகக் கேட்டேன்.

"மூணு மாசம்தானா? அத மொதல்லயே சொல்லியிருக்கலாமே."

"வண்டி தாங்கும்னு நீங்க சொல்லியிருந்தா நானும் சொல்லியிருப்பேன்."

மறுநாள் காலை பழைய பைகளில் காற்று இறங்கி வண்டி குந்தியிருந்தது; பம்புக்காகச் சீட்டுக்கு அடியில் கை விட்டேன். வெறும் சாக்குதான் இருந்தது. உள்ளே போனேன். பீரோவுக்கு முன்னால் மாமியார் இடுப்பில் சாவியோடு நின்றிருந்தார்.

"பம்பு உள்ள பத்திரமா இருக்குது மாப்ளே. உண்ணாமலைதான் வைக்கச் சொன்னா. எங்க போறீங்க?"

"பந்தல் வேலைக்கு, அத்தை."

"யாரோட?"

"நசீர் பாயோட. ஒரு மணிக்கு முடிஞ்சிடும். நாலு மணிக்கெல்லாம் வந்துடுவேன்."

"ஒண்ணுலேருந்து நாலு வரைக்கும் இன்னா வேலை?"

சமையலறையில் உண்ணாமலையின் கரண்டிச் சத்தம் நின்றது. நான் சாவியைப் பார்த்தேன்.

"ஒரு மணிக்கே வந்துடறேன், அத்தை" என்றேன். பீரோ திறந்தது.