காய்ச்சலுக்கு நான் போட்ட அட்வெர்ப்

அந்த சனிக்கிழமை எனக்கு வேலை ஒண்ணே ஒண்ணுதான். லீவ் லெட்டர் எழுதணும்.

வருஷம் 1991. மண்ணூர் பக்கம் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கம்பெனியில லேத் ஓட்டிட்டு இருந்தேன். திங்கக்கிழமை கிருத்திகை. அன்னிக்கு காலைல, முருகன் கோயில் இருக்கற வல்லக்கோட்டையில எனக்குப் பொண்ணு பார்க்க ஏற்பாடு ஆகியிருந்துச்சு.

இது ரெண்டாவது தடவை. மொத தடவை ஓவர்டைம்னு கம்பெனியில புடிச்சு வெச்சுட்டாங்க, நான் போகவே இல்ல. பொண்ணோட அப்பா ஆள் விட்டுச் சொல்லிட்டார்: "இந்த வாட்டியும் வரலன்னா வேற எடம் பாத்துக்கறோம். எங்க பொண்ணுக்கு இன்னா கொறச்சல்?"

நியாயம்தானே! எனக்குத்தான் எல்லாமே கொறச்சல்.

ஆனா உண்மையைச் சொன்னா லீவ் கிடைக்காது. எங்க கம்பெனியில உடம்பு சரியில்லன்னா மட்டும்தான் லீவ். அதனால எங்களுக்குள்ள ஒரு பழக்கம். திங்கக்கிழமை வரப்போற காய்ச்சலுக்கு சனிக்கிழமையே லெட்டர் எழுதி, லீவ் போடாத ஒருத்தன்கிட்ட குடுத்துடுவோம். அவன் திங்கக்கிழமை மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு ஆபீஸ்ல சேர்ப்பான். அந்த வாரம் அந்தப் பொறுப்பு பக்கத்து மெஷின் ஏழுமலைக்கு.

மெட்ராஸ்லேர்ந்து புதுசா ஒரு மேனேஜர் வந்திருந்தார். லெட்டர் இங்கிலீஷ்லதான் வேணும்னுட்டார்.

நான் அசருவேனா? ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுல ஒரு இங்கிலீஷ் கிராமர் புக் வாங்கி, முந்தின வாரம்தான் அட்வெர்ப் பாடத்தை முடிச்சிருந்தேன். ஒரு வேலை நடந்துச்சுன்னு சொன்னா பத்தாது. எப்படி நடந்துச்சு, எத்தனை தடவை நடந்துச்சுன்னு சொல்லணும். அதுக்குத்தான் அட்வெர்ப். அதையும் கண்ட எடத்துல வெக்கக் கூடாது, வினைச்சொல்லுக்குப் பக்கத்துல ஒட்டி உக்கார வெக்கணும்.

எங்க ஆளுங்க அதுவரைக்கும் 'ஐ ஃபீவர், ஒன் டே லீவ்'னு எழுதுவாங்க. அந்தக் காய்ச்சலை காய்ச்சலே நம்பாது.

நான் எழுதினேன் பாருங்க! "ஐ ஆம் சிவியர்லி சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்." கடுமையான காய்ச்சல். "ஐ ஆம் ஃப்ரீக்வென்ட்லி ஃபெயின்டிங்." அடிக்கடி மயங்கி விழறேன். "ஐ கேன் ஹார்ட்லி ஸ்டாண்ட்." நிக்கவே முடியல. ஹார்டும் ஹார்ட்லியும் வேற வேற, மாத்திப் போட்டா மானம் போயிடும்னு புக்குல கட்டம் கட்டிப் போட்டிருந்தான். நான் மாத்திப் போடல. எழுதி முடிச்சுப் படிச்சா எனக்கே உடம்பு சுட்டுச்சு.

கர்வம் சும்மா இருக்குமா? டீ டைம்ல எடுத்துக் காட்டினேன்.

ஏழுமலை வாயைப் பொளந்தான். "டேய் சேகரு, இன்னாடா இது! கலெக்டர் எழுதன மாரி கீது! குடுடா, நம்ம பசங்களும் கோயிலுக்குப் போணும்ல?"

"தாராளமா எழுதிக்கோங்கடா"ன்னேன். வள்ளல் பாருங்க.

திங்கக்கிழமை காலைல நான் பவுடர் போட்டுக்கிட்டு இருந்த நேரத்துல, ஏழுமலை மேனேஜர் மேஜை மேல பதினோரு லெட்டரை மொத்தமா வெச்சிருக்கான். பதினோரு பேருக்கும் கடுமையான காய்ச்சல். பதினோரு பேரும் அடிக்கடி மயங்கி விழறாங்க.

பழைய மேனேஜரா இருந்தா காப்பி அடிச்சிருக்கானுங்கன்னு கிழிச்சுப் போட்டிருப்பார். இவர் புது ஆளு. இவ்ளோ சுத்தமான இங்கிலீஷ்ல எவனாவது பொய் சொல்லுவானான்னு நம்பிட்டார்!

"தண்ணித் தொட்டியில ஏதோ கலந்திருக்கு!"

கேன்டீனை இழுத்து மூடினாங்க. சாம்பாரைக் கொண்டுபோய் சாக்கடையில ஊத்தினாங்க. டாக்டரையும் ஒரு கம்பவுண்டரையும் வேன்ல ஏத்திக்கிட்டு, மேனேஜர் மொதல்ல வந்த எடம் மண்ணூர்ல எங்க வூடு.

பக்கத்து வூட்டு அக்கா வெளிய வந்திருக்காங்க. "அவங்க யாரும் இல்லீங்களே. வல்லக்கோட்டைக்குப் பொண்ணு பாக்கப் போய்கீறாங்கோ."

அப்பவாச்சும் புரியணுமா இல்லையா? ம்ஹூம்!

"அய்யோ, இந்தக் காய்ச்சலோடவா? கிருத்திகைக் கூட்டம் வேற! ஊருக்கே பரப்பிடுவானே!"

இங்க வல்லக்கோட்டையில, கையில பஜ்ஜித் தட்டோட நான் நல்ல புள்ளை மாதிரி உக்காந்திருக்கேன். பொண்ணு ரேவதி இப்போதான் ஒரு நிமிஷம் வந்து நின்னு, ஓரக்கண்ணால என்னைப் பார்த்துட்டு உள்ள போனா. எனக்குப் புடிச்சுப் போச்சு. ரொம்பப் புடிச்சுப் போச்சு. அந்த நேரம் பார்த்து வாசல்ல வேன் நிக்குது.

"சேகர்! எழுந்திரிக்காத! அப்படியே உக்காரு!"

நான் வாயைத் திறந்தேன். கம்பவுண்டர் தெர்மாமீட்டரை உள்ள சொருகிட்டார். ஒரு பக்கம் பஜ்ஜி, ஒரு பக்கம் தெர்மாமீட்டர்.

"பேசாதப்பா, ஒடஞ்சுடும்"னார் டாக்டர்.

பொண்ணோட அப்பா எழுந்துட்டார். "யாருங்க நீங்கோ? மாப்ளைக்கு இன்னா?"

மேனேஜர் லெட்டரை எடுத்தார். நான் தலையை ஆட்டறேன், கையை ஆட்டறேன். "பாருங்க, ஜன்னி வந்துடுச்சு"ன்னு டாக்டர் என் தோளை அமுக்கிப் புடிச்சார்.

"சிவியர்லி சஃபரிங்..."

"அப்டீன்னா?"

"கடுமையா அவதிப்படறான். ஃப்ரீக்வென்ட்லி ஃபெயின்டிங். அடிக்கடி மயங்கி விழறான்."

"அடிக்கடியா!" பொண்ணோட அப்பா என் பஜ்ஜித் தட்டை வாங்கி ஓரமா வெச்சார். சம்பந்தம் முடிஞ்சுதுன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு. "ஏம்மா, இத்தெ மறச்சா எங்களாண்ட பொண்ணு கேட்டு வந்தீங்கோ?"

"ஐயோ, எம்புள்ள நல்லாத்தான் கீறான்!"னு எங்கம்மா அழ ஆரம்பிச்சுட்டாங்க. எனக்கும் அழுகை வந்துச்சு. வாயில தெர்மாமீட்டர் இருந்ததால அதையும் அடக்கிக்கிட்டேன்.

மேனேஜர் அடுத்த வரியைத் தேடறார். அதுக்குள்ள உள்ரூம்லேர்ந்து ஒரு குரல்.

"ஐ கேன் ஹார்ட்லி ஸ்டாண்ட். கைண்ட்லி கிராண்ட் மீ ஒன் டே லீவ்."

எல்லாரும் உள்ரூம் பக்கம் திரும்பினாங்க.

ரேவதி கதவாண்ட வந்து நின்னா. "அவருக்கு ஒண்ணும் இல்லப்பா. இன்னிக்கு லீவுக்கு எங்க மருந்து கம்பெனியில நானும் இதே லெட்டரைத்தான் குடுத்தேன். பேக்கிங்ல எட்டு பேரு குடுத்தோம். ஏழுமலையண்ணன் தங்கச்சி எங்க லைனுதான், அவதான் கொண்டாந்தா."

கம்பவுண்டர் தெர்மாமீட்டரை உருவிப் பார்த்தார். "நார்மல் சார்."

மேனேஜர் லெட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கொட்டின சாம்பாரை நெனச்சாரோ என்னவோ, நேராப் போய் வேன்ல ஏறிட்டார்.

பொண்ணோட அப்பா எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் பஜ்ஜித் தட்டை எடுத்து என் கையிலயே திருப்பிக் குடுத்தார்.

"ரெண்டும் ஒரே பொய்ய, ஒரே மாரி, ஒரே நாள்ல சொல்லிகீது. ஜாதகம் எதுக்கும்மா? தேதியக் குறிங்கோ."

அன்னிக்கே முடிவெடுத்தேன், இனிமே சத்தியமா பொய் லெட்டர் கிடையாது. என் கல்யாணத்துக்கு அட்வெர்ப் எதுவும் இல்லாம, 'எனக்குக் கல்யாணம்'னு உள்ளதை உள்ளபடியே எழுதி லீவ் கேட்டேன்.

அரை நாள் குடுத்தாங்க.