நெற்றியில் ஒரு வெளுப்பு

முகம் கழுவிவிட்டு நிமிர்ந்த ஹயக்ரீவன் திடுக்கிட்டான். கண்ணாடியில் தெரிந்த நெற்றியின் நடுவே மங்கலாக ஏதோ வெளுப்பு. துடைத்தான், போகவில்லை. சோப்புப் போட்டுத் தேய்த்தான், இன்னும் பளிச்சென்று தெரிந்தது.

மூக்குக்கண்ணாடி அலமாரியில் இருந்தது. அதை மாட்டிக்கொண்டு பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

ஹெல்த் இன்ஷூரன்ஸ் விற்கத் திருச்சி வெயிலில் தெருத்தெருவாக நடப்பவன் அவன். வெண்புள்ளி ஒட்டாது, அதைக் கண்டு பயப்படக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறான். தன் நெற்றி என்றதும் அந்த ஞானமெல்லாம் காற்றில் பறந்துவிட்டது. ஞாயிறன்று உறையூரில் பெண் பார்க்கப் போகவேண்டும். போனில் பேசியதிலேயே கமலினியை அவனுக்கு ரொம்பப் பிடித்துப்போயிருந்தது. இது தெரிந்தால் அவள் வேண்டாம் என்றுவிடுவாளோ?

பெண் தேட ஆரம்பித்த நாளிலிருந்து, நெற்றியில் திருமண் நாமம் இட்டுக்கொள்ளாமல் வேலைக்குப் போகக் கூடாது என்பது அம்மா வேதவதியின் சட்டம். இப்போது அதையே குழைத்து அகலமாக இட்டு வெளுப்பை மறைத்தான். சாயங்காலமும் அழிக்கவில்லை.

வேதவதி பூரித்துப்போய் உறையூருக்குப் போன் போட்டாள். "எங்காத்துப் பிள்ளை நாள் பூரா திருமண்ணோடதான் இருக்கான். எல்லாம் பெருமாள் கிருபை!"

இனி திருமண் இல்லாமல் உறையூரில் கால் வைக்க முடியாது.

தெரிந்தவர் கண்ணில் படாமலிருக்க அரியமங்கலம் வரை போய், ஒரு மெடிக்கல் ஷாப்பில் நுழைந்தான்.

"என் ஃப்ரெண்டுக்கு நெத்தியில வெள்ளையா இருக்கு."

"டாக்டர்கிட்டக் காட்டச் சொல்லுங்க சார்," என்றாள் கடையில் இருந்த சம்ரீன். "வெயில்ல அலையறவரா?"

"ரொம்ப."

"அப்ப சன்ஸ்கிரீன் போடச் சொல்லுங்க. வெயில் தோலுக்கு ஆகாது. முகம் பூரா..."

அதற்குள் டியூபோடு அவன் படியிறங்கிவிட்டான். வெளுப்பின் மேல் மட்டும் அப்பி, அதன் மேல் திருமண்ணை இட்டான். தினமும் அப்பினான். வெளுப்போ தினமும் பளிச்சிட்டது.

ஞாயிற்றுக்கிழமை கமலினி காபி கொண்டுவந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. வியர்வை ஊற்றியது. க்ரீமின் மேல் இட்ட திருமண் நிற்குமா? வழுக்கிக்கொண்டு மூக்கு நுனிக்கு வந்தது.

"கண்ணுக்குள்ள போயிடப் போறதுடா!" என்று வேதவதி அவன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் நெற்றியை அழுத்தித் துடைத்துவிட்டாள்.

எல்லோரும் அவன் நெற்றியையே பார்த்தார்கள். கமலினி வாயைப் பொத்திக்கொண்டாள். ஹயக்ரீவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"மறைச்சது தப்புதான், மன்னிச்சுக்கோங்கோ. திருமண்ணால மூடிப் பார்த்தேன், அது மேல மட்டும் சன்ஸ்கிரீன் க்ரீம் தடவிப் பார்த்தேன். வெளுத்துண்டேதான் போறது. கமலினிக்கு இஷ்டம் இல்லேன்னா நாங்க கிளம்பிடறோம்."

கமலினியின் அத்தை ரங்கநாயகி எழுந்து வந்தாள். குனிந்து, அவன் நெற்றியை இப்படியும் அப்படியும் பார்த்தாள். பிறகு மூக்குக்கண்ணாடியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"இதைப் போட்டுண்டு கண்ணாடில பாருங்கோ மாப்பிள்ளே, அச்சு அசலா திருமண்ணேதான்! அது மறைச்ச இடம் ஒண்ணுதான் வெயில் படாம உங்க சொந்தக் கலர்ல இருக்கு, க்ரீமை மத்த மொகத்துக்குன்னா தடவணும்!"