பொத்தானுக்கு ஒரு பேண்ட்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆய்வாளர் ஒரு தீர்மானத்துக்கு வந்தார். என்ன ஆனாலும் சரி, சாப்பாட்டு மேஜையை மீட்டே தீருவது.

ஆய்வாளர் என்றதும் காக்கி உடுப்பையும் தொப்பியையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். இவர் குழாய்க் கம்பெனி ஆய்வாளர். செய்து முடித்த குழாய்களைத் திறந்து பார்ப்பார், மூடிப் பார்ப்பார், சொட்டினால் திருப்பி அனுப்புவார். நாள் முழுக்க அடுத்தவர் வேலையில் குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவர், வீட்டுக்கு வந்த பிறகு அதையே இலவச சேவையாகச் செய்துவந்தார். "இந்தக் காலர் கோணல்." "இந்தப் பாக்கெட் ஒரு பக்கம் ஏறியிருக்கு." மனைவி தைத்ததோ பின்னியதோ எதுவும் இதுவரை அவரிடம் தேறியதில்லை.

மேஜை கல்யாணமான புதிதில் பார்த்துப் பார்த்து வாங்கியது. நாலு பேர் தாராளமாக உட்காரலாம் என்று கடைக்காரர் சத்தியம் செய்தார். இப்போது அதில் ஒருத்தர்தான் உட்கார்ந்திருந்தார். தையல் மெஷின். அவரைச் சுற்றி அவருடைய சொந்தபந்தங்கள்: நூல்கண்டுகள், கத்தரி, இஞ்ச் டேப், மூடி இறுக்கிய பொத்தான் டப்பா, பாதி பின்னிய ஸ்வெட்டர். அந்த ஸ்வெட்டர் ஒரு பரிதாபமான ஜீவன். முதுகுப் பக்கம் முடிவதற்குள் குழந்தை வளர்ந்துவிடும். பிரித்து மறுபடி ஆரம்பித்தால் மறுபடி வளர்ந்துவிடும். வீட்டின் தலைவர் தட்டைக் கையில் ஏந்தி, ஃபிரிட்ஜ் பக்கத்தில் நின்றபடி சாப்பிட்டு வந்தார்.

அன்று ரொட்டியைக் கடித்தவர் வாயிலிருந்து ஒரு முழ மஞ்சள் நூலை இழுத்து எடுத்தார்.

"இது என்ன?"

"நூல்" என்றாள் மனைவி.

"நூல்னு தெரியுது. என் வாயில எதுக்கு?"

"அது மேஜையிலதான் இருந்தது. நீங்கதான் வாயை அங்க கொண்டு போயிருக்கீங்க."

ஆய்வாளர் தட்டை ஃபிரிட்ஜ் மேல் வைத்தார். "கடைக்குப் போனா குழந்தைத் துணி வரிசையா தொங்குது. இதுக்குப் போய் வீட்டையே டெய்லர் கடையாக்கணுமா? ரெண்டு வருஷமா அப்படி என்னத்தைக் கிழிச்ச?"

"கிழிக்கல. தைச்சேன்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. ஒரு கையில் நூல், இடுப்பில் இரண்டு வயது மகள். எந்தப் பொத்தானைக் கண்டாலும் வாயில் போட்டுக்கொள்கிறவள் என்பதால் அவளுக்குப் பொத்தான் என்றே பெயராகிவிட்டது. மனைவி மகளின் மூக்கைத் துடைத்துவிட்டு நிதானமாகப் பேசினாள்.

"நாள் முழுக்க வேலை செய்யறேன். சமைச்சது ஒரு வேளையில தீர்ந்து போகுது. துவைச்சது மறுநாளே அழுக்காகுது. பெருக்கின இடத்துல இவ பொரியைக் கொட்டறா. ராத்திரி படுக்கும்போது இன்னைக்குச் செஞ்சேன்னு காட்ட ஒண்ணுமே இருக்காது. தைச்சது மட்டும்தாங்க அப்படியே இருக்கு. ஒரு சட்டையாவது மடிச்சு வச்சிருந்தா, இன்னைக்கும் நான் இருந்தேன்னு தோணும்."

அங்கேயே ஆய்வாளர் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் வாய் கேட்கவில்லை.

"அது சரி. அதுக்காக ஒரு மேஜையையேவா பிடிக்கணும்? குழந்தையைப் பார்த்துக்கிட்டே ஒரு பேண்ட் தைக்கறது என்ன பெரிய பிரம்ம வித்தையா? நானா இருந்தா ஒரே நாள்ல முடிச்சு மெஷினை மூடி வச்சுருவேன்."

"செய்ங்களேன்."

"செஞ்சா?"

"மெஷினைப் பரண்ல ஏத்திடுங்க. நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன்" என்றாள். சொல்லும்போது அவள் கை மெஷின் மேல் இருந்தது. "முடியலைன்னா மேஜை எனக்கு. நீங்க ஒரு வார்த்தை பேசக்கூடாது."

வாத்துப் படம் போட்ட மஞ்சள் துணியை எடுத்துக் கொடுத்தாள். இரண்டு பேண்ட்டுக்கு வரும், ஒன்று வீணானாலும் கவலைப்பட வேண்டாம் என்றாள். அந்த அனுதாபம்தான் ஆய்வாளருக்குப் பிடிக்கவில்லை. "சாயங்காலம் வரைக்கும் நான் டாக்டர் வீட்டுல இருக்கேன். உங்களுக்குத் தொந்தரவா இருக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள். டாக்டர் என்பது பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் அம்மா. இரட்டைப் பிள்ளைகள் பெற்றவர். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்.

கதவு சாத்தியதும் ஆய்வாளர் சட்டைக் கையை மடித்துவிட்டுத் துணியைத் தரையில் விரித்தார். பொத்தான் ஓடிவந்து அதன்மேல் குப்புறப் படுத்துக்கொண்டாள். தூக்கி ஓரமாக விட்டார். திரும்பி வந்து மல்லாந்து படுத்தாள். அம்மாவாக இருந்தால் அந்தப் படுக்கையிலேயே அளவெடுத்து, சுற்றி மார்க் செய்து, பாட்டுப் பாடிக்கொண்டே வெட்டியிருப்பாள். அப்பா சட்டம் பேசினார். "பாப்பா, எந்திரி. இது வேலை நேரம்." பாப்பா இஞ்ச் டேப்பைக் கவ்விக்கொண்டு கட்டிலடியில் புகுந்தாள்.

ஒருவழியாக இரண்டு கால் வெட்டினார். இரண்டும் இடது கால். ஒரு பக்கம் மட்டும் அச்சடித்த துணி என்பதால் திருப்பிப் போட்டபோது வாத்துகள் உள்ளே போய்விட்டன. போகட்டும், குழந்தைக்கு இடதென்ன வலதென்ன என்று மெஷினில் கொடுத்து, மேஜைக்கடியில் இருந்த மோட்டார் மிதிகட்டையை மிதித்தார். மெஷின் சீறிக்கொண்டு ஓடியது. மேலே நல்ல நேர்த்தியாகத்தான் இருந்தது. நிறுத்தி, வெற்றிப் புன்னகையோடு துணியைத் தூக்கினார். துணி வரவில்லை. மடிப்பு அவிழ்ந்த அவர் சட்டைக் கைதான் துணியோடு போனது. சட்டையும் பேண்ட்டும் ஒன்றாகத் தைக்கப்பட்டு, ஊசியடியில் நூல் முடிச்சு குருவிக்கூடு மாதிரி கட்டி, மூன்றும் மெஷினோடு ஐக்கியமாகியிருந்தன.

அந்த நேரம் பார்த்துப் பொத்தான் குளியலறைக்குப் போனாள். குழாய் ஆய்வாளரின் மகள் அல்லவா, முழுசாகத் திறந்தாள்.

"பாப்பா! மூடு!"

"ஊஹூம்."

"அப்பா செல்லம் இல்ல? மூடும்மா!"

"தண்ணி!" என்று மகிழ்ச்சியாக விவரம் சொன்னாள் பொத்தான்.

கத்தரி எட்டவில்லை. தண்ணீர் வாசற்படி தாண்டி வந்து பாதத்தை நனைத்தது. கடைசியில் சட்டையை மெஷினிடமே விட்டுவிட்டு, பனியனோடு ஓடிக் குழாயை மூடினார். ஈரத் தரையில் மகளை அணைத்தபடி உட்கார்ந்தபோதுதான் அந்த நினைப்பு வந்தது. இவள் தினம் தினம் இதை எப்படிச் செய்கிறாள்? ஒரு காலால் மிதித்து, இன்னொரு காலைக் குழந்தையிடம் கொடுத்துவிட்டு. அவருக்கு நிஜமாகவே மனசு கனத்தது. போய் மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்றுகூடத் தோன்றியது. ஆனால் இது இப்போது மானப் பிரச்சினையாகிவிட்டது.

வேறு சட்டை மாட்டிக்கொண்டு, மிச்சத் துணியைப் பையில் திணித்து, பொத்தானைத் தோளில் ஏற்றிக்கொண்டு தெருமுனை டெய்லர் கடைக்கு நடந்தார்.

"குழந்தைத் துணி நான் தைக்கறதில்ல சார்" என்றார் டெய்லர், வாயில் குண்டூசியோடு. "பெரியவங்க அளவெடுத்தா நிப்பாங்க. இதுங்க நிக்குமா? வெளியில ஒரு அம்மாகிட்ட குடுத்து வாங்கறேன். கை ரொம்ப சுத்தம்."

"இன்னைக்குச் சாயங்காலமே வேணும்."

"கேட்டுப் பார்க்கறேன்." டெய்லர் போனோடு உள்ளே போனார். வெகுநேரம் பேசினார். வெளியே வந்தவர் முகத்தில் ஆச்சரியம். "ஞாயித்துக்கிழமை அந்த அம்மா எடுக்கவே மாட்டாங்க. இன்னைக்கு உடனே சரின்னுட்டாங்க சார். ஆனா அவசரத்துக்கு ரெட்டைக் கூலியாம்."

"கொடுத்துடலாம். அளவு எடுக்கலையா?"

"வேண்டாமாம்."

"பார்த்தீங்களா" என்றார் ஆய்வாளர். "அதுக்குப் பேருதான் தொழில்."

வீட்டுக்கு வந்ததும் இன்னொரு சிக்கல் புரிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் மனைவி காது கொடுத்துக்கொண்டிருப்பாள். மெஷின் சத்தம் கேட்காவிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஆகவே சிக்கியிருந்த சட்டையையும் துணியையும் வெட்டி எடுத்து, ஊசியைக் கழற்றி வைத்துவிட்டு, வெறும் மெஷினை மணிக்கணக்காக மிதித்தார். பொத்தான் அந்தத் தாளத்துக்கு ஆடினாள். களைத்து நிறுத்தும்போதெல்லாம் சுவருக்குப் பின்னாலிருந்து அதே கடகட சத்தம் லேசாகக் கேட்டது. கட்டடம் கட்டியவன் சரியில்லை, எப்படி எதிரொலிக்கிறது பார் என்று சுவரிலும் ஒரு குறை கண்டுபிடித்து வைத்தார்.

சாயங்காலம் பேண்ட் கடைக்கு வந்தது. வாங்கிப் பிரித்தவர் கடைவாசலிலேயே ரெட்டைக் கூலியை எண்ணிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து, தலையில் கொஞ்சம் நூல் பிசிறைத் தூவிக்கொண்டு, களைத்த முகத்தோடு உட்கார்ந்தார். களைப்பு நிஜம்தான்.

மனைவி வந்தாள். சாட்சிக்கு டாக்டர் அம்மாவையும் கூட்டி வந்தாள். பேண்ட்டைக் கையில் வாங்கினாள், திருப்பிப் பார்த்தாள்.

"எப்படி வந்திருக்கு? நீங்களே சொல்லுங்க. குறை சொல்றதுல உங்களை விட்டா ஆள் ஏது?"

ஆய்வாளர் எழுந்து நின்றார். பொய்யைக் காப்பாற்றத்தான் ஆரம்பித்தார். ஆனால் தையலைக் கிட்டத்தில் பார்த்ததும் தொழில்புத்தி விழித்துக்கொண்டது. அதற்குப் பிறகு அவர் பேசியதெல்லாம் சத்தியம்.

"குறையா? இதுலயா? தையலைப் பாரு, நூல் பிடிச்ச மாதிரி போகுது. ஒரு இடத்துல ஏறல, ஒரு இடத்துல இறங்கல. இடுப்புல எலாஸ்டிக்கை உறுத்தாம உள்ள மறைச்சிருக்கு. தையல் சேர்ற இடத்துல பாரு, ரெண்டு பாதி வாத்தும் சேர்ந்து ஒரே வாத்தா நிக்குது! எங்க கம்பெனியில இவ்வளவு சுத்தமா ஒரு குழாய்கூட வந்ததில்ல."

"அவ்வளவு நல்லாவா இருக்கு?"

"என் வேலைங்கறதுக்காகச் சொல்லல. இதைத் தைச்ச கைக்கு மோதிரம் போடணும்."

"இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னார். மனைவியின் கண் நிறைந்துவிட்டது. டாக்டர் அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். பாவம், மெஷின் போகப்போகிற துக்கம் என்று ஆய்வாளர் நினைத்தார். பொத்தானுக்குப் பேண்ட்டை மாட்டினார்கள். அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது. வாத்து, வாத்து என்று கத்திக்கொண்டு அவள் வீடு முழுக்க ஓடினாள்.

ஆய்வாளருக்கு ஜெயித்த சந்தோஷம் என்னவோ வரவில்லை. இருந்தாலும் பேச்சு பேச்சுதான். ஸ்டூலைப் பரணடியில் போட்டார். மெஷினை நெஞ்சோடு அணைத்துத் தூக்கி, மூச்சு வாங்க ஸ்டூல்மேல் ஏறினார்.

"ஒரு நிமிஷம்" என்றாள் மனைவி. "கால் மடிப்புல உள்ள நாலு விரல் துணி கூட விட்டிருக்கேன். பாப்பா வளர வளரப் பிரிச்சு இறக்கித் தைக்கணும். அதுக்கு மெஷின் வேணுமே?"

"ஆமாமா, நானும் அதை யோசிச்சேன்" என்றார் ஆய்வாளர் ஸ்டூல்மேலிருந்து. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவருக்கு உறைத்தது. "என்ன சொன்ன? விட்டிருக்கேனா?"

"டாக்டர் வீட்டு மெஷின்லதான் தைச்சேன். நம்ம மெஷின் காலையிலேர்ந்து ரொம்ப பிசியா இருந்ததே."

ஆய்வாளர் மெஷினைக் கட்டிக்கொண்டபடி அசையாமல் நின்றார். இறங்கவும் தெரியவில்லை, ஏறவும் தெரியவில்லை. "அப்போ அந்த டெய்லர் சொன்ன அம்மா... எத்தனை நாளா?"

"இவ தவழ ஆரம்பிச்சதிலேர்ந்து. சொல்லியிருப்பேன். சொன்னா எடுத்துப் பார்ப்பீங்க. பார்த்தா காலர் கோணல்ம்பீங்க."

ஆய்வாளருக்கு இரண்டு வருடத்துக் கோணல்களும் ஒன்றாக நினைவுக்கு வந்தன. மெதுவாக இறங்கி, மெஷினை மேஜையில் அது இருந்த இடத்திலேயே வைத்து, சுற்றிலும் நூல்கண்டுகளை அடுக்கினார்.

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் தலையிலிருந்த நூல் பிசிறை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள்.

"அடுத்த தடவை அவசரம்னா நேரா என்கிட்டயே குடுத்துடுங்க. டெய்லர் நடுவுல பாதி கமிஷன் பிடிச்சுக்கறார்."