கண்டக்டர் அறுத்த குழாய்

பஸ்ஸில் கண்டக்டர் குரல் கொடுத்தால் கடைசி சீட்டில் தூங்குகிறவன்கூட எழுந்து டிக்கெட்டை நீட்டுவான். வீட்டில் அந்தக் குரலுக்குப் பூனைகூடத் திரும்பாது. அது கிடக்கட்டும்.

வாசல் மண்ணுக்கடியில் போகிற தண்ணீர்க் குழாய் ஓட்டை. ஒரே சேறு. பிளம்பர் வந்து மூன்று வழி சொன்னார். வாசலைத் தோண்டிப் புதுக் குழாய் பதிக்கலாம். தோண்டாமல் பழைய குழாய்க்குள்ளேயே புதுசை விட்டு இழுக்கலாம். இல்லையென்றால், பழசை மண்ணோடு விட்டுவிட்டுச் சந்துச் சுவரோரமாகப் புது லைன் கொண்டுபோகலாம்.

“சுவரோரமாவே போட்டுடலாங்க,” என்றாள் மனைவி.

“அதெல்லாம் ஒண்ணும் வேணாம். லீவு வரட்டும், நானே தோண்டி ஒட்டுப் போடுறேன்!”

“உங்க இஷ்டம்.”

அவள் சட்டென்று ஒத்துக்கொண்டபோதே மனுஷர் உஷாராகியிருக்க வேண்டும். எங்கே! தெருவெல்லாம் தம்பட்டம் அடித்துவிட்டு வந்தார். அதற்குள் சேறு தானாகக் காய ஆரம்பித்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

லீவு நாள். எதிர்வீட்டு டெய்லர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். கூடவே ஒரு சின்னக் கூட்டம். கண்டக்டர் கேட்டோரம் இருந்த வால்வை மூடினார். கடப்பாரையால் பாதி வாசலைப் புரட்டினார். அகப்பட்ட குழாயை ரம்பத்தால் இரண்டாக அறுத்தார். ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை.

“பாத்தீங்களா, தொழில் சுத்தம்!” என்று மீசையைத் தடவிக்கொண்டு வீட்டைப் பார்த்துக் கத்தினார். “ஏய்! உள்ள தண்ணி நின்னுடுச்சா?”

“நிக்கலையே! நல்லாத்தான் கொட்டுது!”

அறுத்த குழாய் கையில் இருக்கிறது. அடுப்படியில் தண்ணீர் கொட்டுகிறது. டெய்லர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். கண்டக்டருக்கு மானம் கப்பலேறிவிட்டது. அந்தப் பள்ளத்திலேயே படுத்து மண்ணை இழுத்துப் போர்த்திக்கொள்ளலாம் போலிருந்தது. உள்ளே ஓடினார்.

“என்னம்மா இது?”

“நீங்க டூட்டிக்குப் போயிருந்தப்பவே பிளம்பரைக் கூப்பிட்டு, அந்த வால்வுக்கு முன்னாடியிருந்தே சுவரோரமா லைன் போட்டாச்சு. அந்தத் தண்ணியிலதான் தினம் குளிச்சிட்டுப் போறீங்க.”

“அடிப்பாவி! தோண்டும்போதாவது சொல்லக் கூடாதா? இனிமே எந்த மூஞ்சியோட தெருவுல நடப்பேன்?” கண்டக்டர் குரல் உடைந்தது.

“சும்மா வாங்க, நான் பாத்துக்கிறேன்.” கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். “அண்ணே, புது லைனை இவர் போன வாரமே போட வெச்சுட்டாரு. இது எனக்கு ரோஜாத் தோட்டம் போடத் தோண்டுறாரு. குறுக்க கிடக்குதேன்னு பழைய குழாயை அறுத்துட்டாரு.”

“அப்படியா கண்டக்டரே?” என்றார் டெய்லர்.

போன உயிர் திரும்பி வந்தது. “பின்ன? எல்லாம் நம்ம பிளான்தான்!”

“ஆனா பாதிதானே தோண்டியிருக்கு?”

“கேட்டு வரைக்கும் இன்னிக்கே முடிச்சுத் தர்றேன்னு சொல்லியிருக்காரு,” என்றாள் மனைவி. “இல்லீங்களா?”

கூட்டம் மொத்தமும் கண்டக்டர் முகத்தையே பார்த்தது.

“ஆமா, நான்தான் சொன்னேன்,” என்று முனகிவிட்டுக் கடப்பாரையை எடுத்தார்.