ரேஸ்கார் டெய்லர் பெல்ட் மாட்டிய கதை

கார் இன்ஜினுக்கு அளவெடுத்து, பட்டன் வைத்து, பையும் வைத்து ஜாக்கெட் தைத்த மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் கோவில்பட்டியில் இருந்தார். அவருடைய தையல் கடைக்கு மேல் மாடியில் நான் குடியிருந்தேன். இன்ஜினுக்குப் பை எதற்கு என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

"ஸ்பேனர் வைக்கத்தான் சார். நோஞ்சான் மனுசனுக்கே மூணு பை வைக்குதோம். இம்புட்டுப் பெரிய இன்ஜினுக்கு ஒண்ணாவது வேண்டாமா?" என்றார்.

ஊரில் அவருக்கு ரேஸ்கார் டெய்லர் என்று பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம். தொண்ணூறுகளின் நடுவில், விளாத்திகுளம் பக்கம் தன் பங்குக்கு வந்த மிளகாய்க் காட்டை விற்று, தூத்துக்குடியில் ஒரு கப்பல் இன்ஜினியரிடம் அந்தப் பழைய இத்தாலிக் காரை வாங்கினார். சிவப்பு நிறம், இரண்டே சீட்டு. அடியில் ஒரு பூனை கூட நிமிர்ந்து நடக்க முடியாது. லாரியில் கொண்டு வந்து இறக்கியபோது தெருவே கூடி நின்றது. கூட வந்த இன்ஜினியர் போகிற போக்கில் ஒரு குண்டைப் போட்டுவிட்டுப் போனார்.

"டைமிங் பெல்ட் விரிசல் விட்டிருக்கு. மாத்தாம ஸ்டார்ட் பண்ணிராதீங்க. அறுந்துச்சுன்னா வால்வும் பிஸ்டனும் முட்டி இன்ஜினே காலி."

மூன்று வருடம் கார் ஷெட்டிலேயே நின்றது. ஊர் மெக்கானிக் ஒருவர் வந்து எட்டிப் பார்த்து, "சங்கிலி இல்லாம ரப்பரை நம்பியா ஓடுது? எனக்கு இது ஆவாது அண்ணாச்சி" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். அண்ணாச்சி அசரவில்லை. தினமும் காலையில் காரில் ஏறி உட்கார்ந்து, ஸ்டியரிங்கை இடமும் வலமும் ஒடித்து, ஹாரன் அடித்து, பிறகு இறங்கி வந்து கத்தரியைக் கையில் எடுப்பார்.

அந்த வருடம் மதினிக்கு, அதாவது அவர் மனைவிக்கு, புதியம்புத்தூரிலிருந்து பள்ளிச் சீருடை ஆர்டர் வந்தது. கூடுதலாக இரண்டு மெஷின் போட வேண்டும். போட இருந்த ஒரே இடம் கார் ஷெட்.

"வார வெள்ளிக்குள்ள இது ஓடணும். ஓடலன்னா பழைய இரும்புக் கடை பாய் வந்து தூக்கிட்டுப் போயிருவாவ. பொறவு என்னையக் குத்தம் சொல்லப்பிடாது" என்றார் மதினி.

அண்ணாச்சிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் காலையில், இன்ஜினியர் பம்பாயிலிருந்து எப்போதோ வரவழைத்துக் கொடுத்திருந்த புது பெல்டை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, "நானே மாட்டுதேன்" என்று அறிவித்தார். கழுத்தில் ஏற்கெனவே இஞ்ச் டேப்பும் கிடந்தது.

காரோடு வந்த புத்தகம் முழுக்க இத்தாலி பாஷை. ஒன்றும் புரியாதே என்றேன்.

"படம் இருக்குல்லா சார். கட்டிங் புக்குல படம் பாத்துதான் நான் கோட்டு தைக்கப் படிச்சேன்."

அவருக்குத் துணை நான். தீப்பெட்டி லேபிள் அச்சடிக்கும் பிரஸ்ஸில் பிழை திருத்துவது என் வேலை. ஒரு லேபிளில் மொத்தமே பத்து வார்த்தைதான். அதிலும் பிழையை விட்டுவிட்டு முதலாளியிடம் பாட்டு வாங்குகிறவன். அப்பேர்ப்பட்ட என்னை நம்பித்தான் அவர் இன்ஜினைத் திறந்தார்.

சங்கதி இதுதான். கீழே ஒரு சக்கரம், மேலே ஒரு சக்கரம். இரண்டையும் சேர்த்துச் சுற்றுவது பல் வைத்த அந்த ரப்பர் பெல்ட். கழற்றுவதற்கு முன்னால் சக்கரங்கள் நிற்கிற நிலையைக் குறித்துக்கொண்டு, புதியதை அச்சு அசலாக அதே நிலையில் மாட்ட வேண்டும். ஒரு இஞ்ச் தள்ளிப்போனால் வால்வு போய் பிஸ்டனில் முட்டும். கார் பாய்க்குப் போகும். கீழ்ச் சக்கரத்தில் கம்பெனி அடையாளம் பளிச்சென்று இருந்தது. மேல் சக்கரத்தில் கப்பல்காரர் பழக்கதோஷத்தில் பெயின்ட் அடித்து அடையாளத்தையே மூடிவிட்டிருந்தார்.

"அதுக்கென்ன, நம்மகிட்ட சாக்கு இல்லாமலா?" என்று அண்ணாச்சி தையல் சாக்பீஸை எடுத்துச் சக்கரத்தில் கோடு கிழித்தார். பழைய பெல்டை உருவினார். மேல் சக்கரம் 'சடக்'கென்று தானாகக் கொஞ்சம் திரும்பியது. சரி, கோட்டைப் பார்த்துத் திருப்பி வைத்துக்கொள்ளலாம் என்று குனிந்தவர், குனிந்தபடியே நின்றார்.

"சார், நான் கோடு ஒண்ணு போட்டேனா, ரெண்டு போட்டேனா?"

"ரெண்டு அண்ணாச்சி."

"ஏன் போட்டேன்?"

"எனக்கென்ன தெரியும்?"

"ஐயையோ! கை போட்டுட்டு சார், கை போட்டுட்டு!"

துணியில் தைக்க ஒரு கோடு, அதற்கு ஒரு இஞ்ச் வெளியே வெட்ட ஒரு கோடு. இருபது வருடப் பழக்கம், இன்ஜினைக் கண்டதும் மட்டும் நின்றுவிடுமா? முதலில் போட்ட தையல் கோடுதான் சரியான அடையாளம். எது அது? துணியென்றால் உள்பக்கம் இருப்பது தையல் கோடு. சக்கரத்துக்கு ஏது உள்பக்கமும் வெளிப்பக்கமும்! வியாழக்கிழமை முழுக்க இரண்டு பேரும் அந்த இரண்டு கோட்டையும் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஏதாவது ஒரு கோட்டை நம்பி பெல்டை மாட்டி, கீழ்ச் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றிப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்குமாம்; தப்பான கோடென்றால் முட்டி நின்றுவிடுமாம். பிற்பாடு ஒரு மெக்கானிக் சொல்லிச் சிரித்தார். புத்தகத்திலும் அது இருந்ததாம், இத்தாலியில்.

வெள்ளிக்கிழமை காலையில் பாய் லோடு வண்டியோடும் கயிற்றோடும் வந்துவிட்டார். வந்தவர் காரைத் தடவிப் பார்த்து, "இதை ஒடைக்க மனசு வரல அண்ணாச்சி. இன்னுங் கொஞ்சம் பாருங்க, நான் இங்கன இருக்கேன்" என்று ஒரு டயர் மேல் உட்கார்ந்துகொண்டார். அண்ணாச்சி மறுபடியும் அந்த இரண்டு கோட்டின் மேல் குனிந்தார். கண் கலங்கியிருந்தது.

பட்டன் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த மதினி ஊசியும் கையுமாக வந்தார். இன்ஜினுக்குள் எட்டிப் பார்த்தார்.

"இந்தா, இது தையல் கோடு. அது வெட்டுக் கோடு."

"எப்படிட்டி சொல்லுத?"

"தையல் கோட்ட மெல்ல போடுவிய. வெட்டுக் கோட்ட அழுத்திப் போடுவிய. இருவது வருசமா உங்க கோட்டு மேலதான் மெஷின ஓட்டுதேன், எனக்குத் தெரியாதா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் ஷெட் மதினிக்கு. அவருக்கும் அது தெரியாமல் இல்லை.

மதியத்துக்குள் பெல்ட் ஏறியது. அண்ணாச்சி சாவியைத் திருப்பினார். முதல் தடவை இருமியது. இரண்டாம் தடவை இழுத்தது. மூன்றாம் தடவை அது போட்ட சத்தத்தில் தெருவில் போய்க்கொண்டிருந்த ஆட்டு மந்தை நாலா திசையிலும் பிய்த்துக்கொண்டு ஓடியது. ஆட்டுக்காரர், "ஏலே, எவம்லே அது!" என்று கம்போடு வந்தார். பாய் அவரையே கட்டிப்பிடித்துக் குதித்தார்.

"ஏட்டி, ஏறு" என்றார் அண்ணாச்சி.

"காஜா கெடக்கு."

"கெடக்கட்டும், ஏறு."

மதினி ஏறினார். விளாத்திகுளம் ரோட்டில் கார் பறந்தது. நானும் பாயும் புழுதியைப் பார்த்துக் கை தட்டினோம்.

சாயங்காலம் இருவரும் பஸ்ஸில் வந்தார்கள். "பெட்ரோல் ஊத்த மறந்துட்டேன் சார்" என்றபடி முதலில் இறங்கினார் அண்ணாச்சி. பின்னால் மதினி படியில் நின்று சிரித்த சிரிப்பில் அவரால் இறங்கவே முடியவில்லை. கண்டக்டர் விசில் ஊதாமல், அவர் சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தார். காரைத் தூக்க வந்த பாய், தன் லோடு வண்டியிலேயே பெட்ரோல் கேனோடு காரைக் கூட்டிவரப் போனார்.

காரை ஷெட்டை விட்டு வெளியேற்ற மதினிக்கு அதன் பிறகு மனம் வரவில்லை. இரண்டு மெஷினும் என் மாடிப்படிக்குக் கீழே வந்தன. சீருடை முடியும்வரை கடகடவென்று ஒரே சத்தம். நான் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. அந்த இரண்டு பேரும் பஸ்ஸிலிருந்து இறங்கியதை நினைத்தால் இப்போதும் தனியாகச் சிரிக்கிறேன். சிரித்து முடித்ததும், இப்போது இல்லாத அண்ணாச்சியை இன்னொரு தடவை பார்க்க மாட்டோமா என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.